துரைச் சத்தம் போட்ட மோட்டர் சைக்கிள்

கராஜுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் நல்ல வார்த்தை அதிகம் கைவசம் இல்லை. ஸ்பேனர் காலில் விழுந்தபோதெல்லாம் வாயில் வந்த வார்த்தைகள் நிறைய இருக்கின்றன, ஆனால் அவற்றை அச்சில் போட முடியாது. ஆகவே ஒரு கதை சொல்கிறேன். வண்டி பாதி வழியில் நின்றுபோய்க் கல்யாணத்துக்குப் பிந்தி வந்த மாப்பிள்ளைமாரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வண்டி மிக நன்றாக ஓடியதால் கல்யாணமே நிற்கப் பார்த்தவன், எனக்குத் தெரிந்து, இந்த மலைநாட்டில் நான் ஒருவன்தான்.

சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஹட்டனுக்கு வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தேயிலை அரைக்கும் ஸ்டோரில், மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தேன். அந்தத் தோட்டத்தில் பெரிய துரைக்கு ஒன்றும் சின்ன துரைக்கு ஒன்றுமாக இரண்டு மோட்டர் சைக்கிள்கள் இருந்தன. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே கப்பலில் வந்தவை, பக்கத்தில் நிறுத்தினால் எது யாருடையது என்று அவர்களுக்கே தெரியாது. பெரிய துரை பிறகு கார் வாங்கிக்கொண்டார். அவருடைய மோட்டர் சைக்கிள் பங்களாவின் கோழிக்கூட்டுக்குள் போனது. சின்ன துரை மட்டும் தன்னுடையதை விடாமல் மலைக்கு மலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

பங்களாவில் சமைக்கிற அப்புதான் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"கோழி முட்டை போடுற எடத்துல இந்தச் சனியன் எதுக்கு தம்பி? தொரைகிட்ட கேட்டுட்டேன். தூக்கிட்டுப் போகச் சொல்லிட்டாரு. அந்தா, ஆணியில தொங்குதே, குதிரைச் சலங்கை, அதையும் சேத்துக் கொண்டு போ. காத்தடிச்சா கிணுகிணுன்னு கோழியெல்லாம் மெரளுது."

முன்பெல்லாம் துரைமார் குதிரையில் மலை சுற்றிய காலத்து வார் அது. வரிசையாகச் சின்னச் சின்ன மணிகள். வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல் அதையும் தோளில் போட்டுக்கொண்டு, மோட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அதன் சீட்டில் ஒரு கோழி இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது. நாங்கள் குடியிருந்த லயம் வரைக்கும் சவாரி வந்தது. எனக்கு முன்னால் அந்த வண்டியில் போன கடைசி ஆள் அதுதான்.

லயத்து அறையான எங்கள் காம்பிராவுக்கு முன்னால் திண்ணை மாதிரி இருந்த சின்ன இஸ்தோப்புதான் என் கராஜ். அங்கே வண்டியைக் கழற்றிப் போட்டேன். கழற்றிய பிறகுதான் எத்தனை சாமான் என்று தெரிந்தது. இஸ்தோப்பு நிறைந்து, அடுப்படிக்குப் போய், கட்டிலுக்கு அடியில் நுழைந்து, கடைசியில் கட்டிலுக்கு மேலேயும் ஏறிவிட்டது. பிஸ்டனை மண்ணெண்ணெயில் ஊறப்போட அம்மாவின் ஊறுகாய் ஜாடிதான் அளவாக இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்தார்.

"மனுசன் படுக்கிற எடத்துல இரும்பப் படுக்க வச்சிருக்க. பார்வதி வந்தா எங்கடா படுப்பா, டேங்கிக்குள்ளயா?"

பார்வதி எனக்குப் பேசி வைத்திருந்த பெண். கொழுந்து பறிப்பவள். அவளுடைய அப்பா ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்குக் கங்காணி. நெஞ்சை நிமிர்த்தி நடப்பவர். சொந்தத்தில் எனக்கு மாமா முறை. "வாடா மாப்ள" என்றுதான் கூப்பிடுவார். அவர் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருக்கும்.

எப்படிப் பூட்டினேன், எந்தச் சாமானுக்கு எதை மாற்றிப் போட்டேன் என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. அதை நீங்கள் கையை அழுக்காக்கித் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிக்கரை மிதித்தேன். இருமியது. மறுபடி மிதித்தேன், தும்மியது. மூன்றாவது மிதியில் பிடித்துக்கொண்டது. புதிதாகக் கப்பலில் இருந்து இறங்கின நாளில் எப்படிப் பேசியிருக்குமோ அப்படியே பேசியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா ஜாடியைக் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் ஸ்டோர் வேலையாக ஏழாம் நம்பர் மலைப் பக்கம் போனேன். முடக்கில் திரும்பியதும் நான் கண்ட காட்சியை இன்றைக்கும் மறக்க முடியாது. பெண்கள் எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு பேச்சு இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. ரோட்டோரம் மாமா, தலைப்பாகையை இறுக்கிக் கட்டி, வெற்றிலையை அவசரமாகத் துப்பிய வாயோடு, விறைத்து நின்று கையைத் தூக்கினார்.

"சலாங்க தொரை!"

எனக்கு உயிர் போய்விட்டது. வண்டியை நிறுத்தி, "மாமா... நான்தான் மாமா" என்றேன்.

மாமா கையை இறக்கவில்லை. எப்படி இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் அந்தக் கையாலேயே நெற்றியைச் சொறிந்துகொண்டு, "தெரியிது" என்றார். கொழுந்துச் செடிக்குள் இருந்து முதலில் சிரித்தது பார்வதிதான். பிறகு மலையே சிரித்தது.

சத்தம்தான் காரணம் என்று உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். அந்தத் தோட்டத்தில் அந்தச் சத்தம் கேட்டால் துரை வருகிறார் என்று அர்த்தம். உட்கார்ந்திருப்பவர் எழுந்துவிட வேண்டும், பேசிக்கொண்டிருப்பவர் வாயை மூட வேண்டும். நான் வண்டியைப் பழுது பார்த்தபோது அதையும் சேர்த்துப் பழுது பார்த்துவிட்டேன். நான் போன இடமெல்லாம் ஜனங்கள் துள்ளி எழுந்தார்கள். கோயில் வாசலில் சீட்டு விளையாடியவர்கள் சீட்டைக் கிணற்றில் போட்டார்கள். கவ்வாத்து வெட்டுகிற ஆட்கள் என்னைக் கண்டால் கத்தியைக் காட்டி மிரட்டுவார்கள்.

ஆனால் மனுஷன் எதற்கும் பழகிவிடுவான். கொஞ்ச நாளில் சத்தம் கேட்டாலும் யாரும் நிமிரவில்லை. "பிட்டரு போறாரு" என்று சொல்லிவிட்டு அவரவர் பாட்டுக்கு இருந்தார்கள். அதில் மாமாவுக்குத்தான் பெருமை அதிகம். சத்தம் தூரத்தில் வரும்போதே, "நம்ம மாப்ள" என்று பெண்களிடம் சொல்வாராம். பார்வதி சொல்லித்தான் எனக்கு அது தெரியும்.

அந்தப் பெருமைதான் அவரைக் கவிழ்த்தது.

ஏழாம் நம்பர் மலை செங்குத்தானது. ஒரு நாள், கூடையை முதுகில் சுமந்து ஏறின பெண்களை மாமா சிறிது நேரம் உட்காரச் சொன்னார். தானும் ஒரு பாறையில் உட்கார்ந்து, தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்து, வெற்றிலைப் பையைத் திறந்தார். அப்போது சத்தம் வந்தது. ஒரு பெண் பதறி எழுந்தாள். மாமா சிரித்தார்.

"உக்காரு புள்ள. நம்ம மாப்ளதான்."

முடக்கில் திரும்பி வந்தது சின்ன துரை.

எங்கள் தோட்டங்களில் வேலைக்கு வந்த நாளுக்கு ஒரு 'பேர்' விழும். அன்றைய சம்பளம் அதுதான். வேலையில் குறை கண்டால் 'அரைப் பேர்', பாதிச் சம்பளம். சின்ன துரை அன்றைக்கு அந்தப் பெண்கள் எல்லோருக்கும் அரைப் பேர் போடச் சொன்னார். கங்காணிக்கும் அரைப் பேர். மாமா, ஆட்களைக் கூட்டிப் பேர் போடுகிற பெரட்டுக் களத்தில் அத்தனை காலமும் முழுப் பேருக்குத் தலை நிமிர்ந்து நின்றவர். அன்று சாயங்காலத்துக்குள் லயத்துப் பிள்ளைகள் அவருக்கு 'அரைப் பேரு கங்காணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

விஷயம் கேள்விப்பட்டு நான் அவர் வீட்டுக்கு ஓடினேன். வாசலிலேயே நிறுத்தினார்.

"பிட்டரு, அங்கயே நில்லுங்க."

'வாடா மாப்ள' போய் 'பிட்டரு, நில்லுங்க' வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர் திடீரென்று மரியாதை கூட்டினால் சொந்தத்தைக் குறைத்துவிட்டார் என்று அர்த்தம். அந்த 'ங்க' என் நெஞ்சில் குத்தியது போல வேறு எதுவும் குத்தியதில்லை.

"ஒங்க மேல எனக்குக் கோவம் இல்லங்க. அந்தச் சத்தம் வந்தா எந்திரிக்கணுமா, உக்காந்திருக்கணுமான்னு எனக்குத் தெரியல. எந்திரிச்சா மருமகனுக்கு சலாம் போட்ட மாமன்னு சிரிக்கிறாங்க. உக்காந்திருந்தா அரைப் பேரு. அது ஒண்ணு தெளிவாகுற வரைக்கும் கல்யாணப் பேச்சு வேணாம்."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

நான் ஒரு பிட்டர் செய்யக்கூடியதைச் செய்தேன். சத்தத்தை அமுக்கப் பார்த்தேன். முதலில் சைலன்சருக்குள் தேங்காய்த் தும்பை அடைத்தேன். சத்தம் குறைந்தது உண்மைதான். ஆனால் தும்பு உள்ளே கருகி, நான் லயத்தைத் தாண்டும்போது பின்னால் ஒரே புகை. ஒரு கிழவர் நெருப்பு நெருப்பு என்று கத்தினார், யாரோ ஒரு வாளித் தண்ணீரை என் மேல் ஊற்றினார்கள். பிறகு ஸ்டோரில் கழித்துப் போட்ட குழாயை வெட்டி நீளமான சைலன்சர் ஒன்று செய்து பூட்டினேன். அந்தச் சத்தம் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகிற தோட்டத்து லொறியைப் போலவே இருந்தது. நான் போன வழியெல்லாம் ஜனங்கள் வெளியே வந்து, "யாருக்கு என்னங்க?" என்று கலங்கிக் கேட்டார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் அன்றைக்கே அதைக் கழற்றிப் போட்டேன். துரையின் சத்தமாவது பரவாயில்லை, சாவுச் சத்தம் வேண்டாம்.

வண்டியை இஸ்தோப்பில் நிறுத்திவிட்டு நடந்து திரிந்தேன். ஒரு நாள் தண்ணீர் எடுக்கிற பீலியடியில் பார்வதியைக் கண்டேன். அவளுக்கும் அரைப் பேர் விழுந்த கோபம் இருந்தது.

"வித்துரட்டுமா பார்வதி?"

"வாங்குறவன் தலையில தூக்கிட்டா போவான்? அவனும் ஓட்டத்தான செய்வான். சத்தம் அப்பவும் இருக்கும்."

"அப்ப ஒடச்சுப் போட்டுர்றேன்."

"ஒடைங்க. நம்ம கல்யாணத்துக்கு ஒங்க அம்மா ஊறுகா ஜாடியில ஏறி வாங்க." குடத்தை நிரப்பிக்கொண்டே சொன்னாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க எதுக்கு சத்தத்தக் கொறைச்சுக்கிட்டே இருக்கீங்க? கூட்டுங்களேன்."

"கூட்டுறதா? இருக்கிறதே போதாதா?"

"தொரை போடாத சத்தமா ஒண்ணக் கூட்டுங்க. தொரை என்ன சத்தம் போட மாட்டாருன்னு யோசிச்சுப் பாருங்க."

மறுநாள் கொழுந்துக் கூடைக்குள் வைத்து ஒரு மணியைக் கொண்டுவந்து கொடுத்தாள். பெரிய பித்தளை மாட்டு மணி. அவர்கள் வீட்டில் லெச்சுமி என்று ஒரு பசு இருந்து செத்துப்போனது. மாமா அதைப் பெற்ற பிள்ளை போல வைத்திருந்தார். அதன் கழுத்து மணியைத்தான் வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார்.

"மாமாவுக்குத் தெரியுமா?" என்றேன் பயத்தோடு.

"கேட்டுட்டுத்தான் எடுத்தேன். லெச்சுமி சத்தத்துக்கு நான் எந்திரிக்க வேண்டியதில்லன்னு மட்டும் சொன்னாரு."

தட்டையான இரும்புப் பட்டி ஒன்றை வளைத்து, முன் மட்காட்டுக்கு மேலே மணியைத் தொங்கவிட்டேன். கல்லில் ஏறினால் 'டொங்', குழியில் இறங்கினால் 'டொங் டொங்'. எங்கள் தோட்டத்து ரோட்டில் கல்லும் குழியும் தவிர வேறொன்றும் இல்லாததால் மணிக்கு ஓய்வே இல்லை. ஜனங்கள் சிரித்தார்கள், ஆனால் யாரும் எழவில்லை, யாரும் ஏமாறவும் இல்லை. மணி கேட்டால் பிட்டர், கேட்காவிட்டால் துரை. எல்லாம் தெளிவாகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாக்கு வெற்றிலையோடு மாமா வீட்டுக்குப் போவதென்று அம்மா முடிவு செய்தார்.

அதற்குள் மலைக்கு மூடுபனி வந்தது.

கை நீட்டினால் கை தெரியாத பனி. மெதுவாக வண்டியை உருட்டிக்கொண்டு முடக்கில் திரும்பினேன். எதிரே ஒரு வண்டி கிறீச்சென்று நின்றது. சின்ன துரை. அவருடைய முன் சில்லுக்கும் என்னுடையதற்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

"யாரு மாடு?" என்று கத்தினார் துரை. "மாடு எங்க? நான் மாடு சத்தம் கேட்டு பிரேக் போட்டது!"

"மாடு இல்லீங்க தொரை. மணிங்க. நம்ம வண்டியில கட்டியிருக்கேங்க."

துரை இறங்கி வந்து மணியைப் பார்த்தார். விரலால் ஆட்டிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"நீ நல்ல மூளை. மணி இல்லாட்டி இப்ப ரெண்டு ஆளும் செத்துப்போகும். நம்ம வண்டிக்கும் இதே மாதிரி ஒண்ணு கட்டு. இதே சத்தம். நாளைக்கு."

தம்பிமாரே, இந்த இடத்தைக் கவனியுங்கள். நம் தொழிலில் மிகவும் ஆபத்தான வேலை, உடைந்ததைச் சரிசெய்வது அல்ல. நன்றாக இருக்கிறது, இதே மாதிரி எனக்கும் ஒன்று செய்து தா என்று ஒருவர் கேட்பதுதான். துரைக்கும் அதே மணியைக் கட்டினால் மாமா மறுபடி பாறையில் உட்கார்ந்தபடி மாட்டிக்கொள்வார். முடியாது என்று சொன்னால் பத்துச் சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள், பார்வதியைப் பார்க்க வேலி தாண்டித்தான் வர வேண்டும். பனியில் எனக்கு வியர்த்தது. வாய் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தது, நல்ல வேளையாக மூளை பின்னாலேயே ஓடி வந்து சேர்ந்துகொண்டது.

"தொரைக்கு மாட்டு மணியா? அது மரியாதை இல்லீங்க தொரை. தொரைன்னா குதிரைங்க. ஒங்களுக்குன்னு தனியா நல்ல சலங்கையே வச்சிருக்கேங்க."

கேட்டதை அப்படியே செய்துவிடாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்டவருக்கு என்ன தேவை என்று பாருங்கள். துரைக்குத் தேவை பனியில் ஒரு மணிச் சத்தம். என் மணிச் சத்தம் அல்ல. அவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, தெரிந்திருக்க வேண்டியது எனக்குத்தான்.

கோழிக்கூட்டில் இருந்து வந்த அந்தச் சலங்கை வாரைப் புளி போட்டு மினுக்கி, மறுநாள் பங்களாவுக்குப் போய் அவருடைய வண்டியின் ஹேண்டில் நெடுகக் கட்டினேன். துரை பங்களாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கிணுகிணு கிணுகிணு என்று கல்யாணப் பெண் நடப்பது போல இருந்தது. தங்கள் ஊரில் பனிக் காலத்தில் குதிரை வண்டிக்கு இப்படித்தான் கட்டுவார்கள் என்றார். சிறு பிள்ளை போலச் சிரித்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது. அவரும் வீட்டை விட்டுத் தூரம் வந்த இளவட்டம்தானே என்று நினைத்தேன். பிறகு அரைப் பேர் நினைவுக்கு வந்தது, முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினேன்.

வேலை முடிந்ததும் நேரே மாமா வீட்டு வாசலுக்குப் போய், அவர் என்னை நிறுத்தின அதே இடத்தில் நின்றுகொண்டேன்.

"மாமா, கிணுகிணுன்னு கேட்டா எந்திரிங்க. டொங்குன்னு கேட்டா உக்காந்துக்கிட்டே இருங்க."

அவர் எதையும் பார்த்துத்தான் நம்புவார்.

மறுநாள் நடந்ததைப் பார்வதி சொல்லக் கேட்டேன். சலங்கைச் சத்தம் ரெண்டு மலை தள்ளி வரும்போதே கேட்டுவிட்டதாம். மாமா அவசரப்படாமல் வெற்றிலையை மென்று முடித்தார், துப்பினார், வாய் கொப்பளித்தார், தலைப்பாகையைக் கட்டினார், பெண்களைக் கூடையைத் தூக்கச் சொன்னார், துண்டால் பாறையைக்கூடத் தட்டிவிட்டார். துரை வந்து சேர்ந்தபோது ஏழாம் நம்பர் மலை படத்தில் எழுதின மாதிரி இருந்ததாம். "கங்காணி, இப்ப ரொம்ப நல்லா வேலை" என்று துரை பாராட்டினாராம். நான் அந்தத் தோட்டத்தை விட்டுப் போகும்வரை உட்கார்ந்திருந்து பிடிபட்டு அரைப் பேர் வாங்கினவர் ஒருவரும் இல்லை. பனியில் ஒரு விபத்தும் இல்லை. துரைக்கும் சந்தோஷம், தொழிலாளிக்கும் சந்தோஷம். இப்படி ஒரு ரிப்பேரை அதற்குப் பிறகு நான் செய்ததே கிடையாது.

இன்றைக்கும் நான் கராஜுக்கு வந்தால் உங்களிடம் ஒரே தொந்தரவு கொடுப்பது அதனால்தான். வண்டி முடிந்ததா, நீ இறங்கு, வேறொருவனை ஓட்டச் சொல், நீ ரோட்டில் போய் நின்று கேள் என்பேன். சீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கேட்கிற சத்தம் வேறு. ரோட்டில் நிற்கிறவனுக்குக் கேட்கிற சத்தம் வேறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெற்றிலைத் தட்டோடு அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். அம்மா ஒரு கையால் தட்டையும் மறு கையால் என் சட்டையையும் பிடித்துக்கொண்டு, வழியில் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். டொங் டொங் என்று மணி அடித்தது. வாசலில் வண்டியை நிறுத்தலாமா, அல்லது அன்றைக்குப் போலத் தள்ளியே நிற்க வேண்டுமா என்று தெரியாமல் தயங்கினேன்.

உள்ளே இருந்து மாமாவின் குரல் கேட்டது.

"ஏ பார்வதி, லெச்சுமி வந்திருச்சு. தண்ணி காட்டு."

பார்வதி சிரிப்பை அடக்கிக்கொண்டு தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலுக்கு வந்தாள். நான் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். மாமா பாயில் சாய்ந்து, தலைப்பாகை இல்லாமல், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"என்னடா மாப்ள, அங்கயே நிக்கிற? உள்ள வா."